பிராண்டைப் பார்த்தேன், சீரிஸைப் பார்க்கவில்லை: ஒரு லேப்டாப் 23 நாள் படுத்த அனுபவம்

வீட்டுக்கும் தொழிலுக்கும் சேர்த்து ஒரே லேப்டாப் போதும் என்று வாங்கினேன். எல்லார் வாயிலும் அடிபடுகிற பெரிய பிராண்டு. 14-வது மாதம் ஒரு காலையில் அது ஆன் ஆகவில்லை. வாரண்டி 12 மாதம். மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். மாற்றக் கேட்ட தொகை, வாங்கிய விலையில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. போர்டு வந்து சேர 23 நாள் ஆனது. வந்த பிறகும் உள்ளே இருந்த தொழில் வரவுசெலவுக் கணக்கு திறக்கவில்லை. கடைசியாக எடுத்திருந்த பேக்கப் இரண்டு மாதம் பழையது. தாள் பில்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு 11 இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி தட்டினேன். போன பணம்கூட மறந்துவிட்டது, அந்த இரவுகள் மறக்கவில்லை. இதில் ஏறக்குறைய எல்லாமே வாங்குவதற்கு முன்போ, வாங்கிய முதல் வாரத்திலோ தடுத்திருக்கக் கூடியவை. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். என் கதையைக் குறைத்து, எது ஏன் கெடுகிறது, எதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை விவரமாக வைக்கிறேன்.

முதல் தப்பு நான் கேட்ட கேள்வியிலேயே இருந்தது. "எந்த பிராண்டு நல்லது?" என்று பத்துப் பேரிடம் கேட்டேன், பத்து பதில் கிடைத்தது. எல்லாருமே உண்மையைத்தான் சொன்னார்கள். ஒரே நிறுவனம் வீட்டுக்கு ஒரு சீரிஸ், அலுவலகத்துக்கு வேறு சீரிஸ் என்று தனித்தனியாக வடிவமைத்து விற்கிறது. லெனோவாவில் ஐடியாபேட் வீட்டுக்கு, திங்க்பேட் தொழிலுக்கு. எச்பியில் பெவிலியன் வீட்டுக்கு. புரோபுக், எலைட்புக் தொழிலுக்கு. டெல்லில் நெடுங்காலம் இன்ஸ்பிரான் வீட்டுக்கும் லாட்டிடியூட் தொழிலுக்கும் இருந்தன. 2025-இல் அந்தப் பெயர்களை விட்டு டெல், டெல் புரோ, டெல் புரோ மேக்ஸ் என்று மாற்றத் தொடங்கினார்கள். ஏசரில் ஆஸ்பயர், டிராவல்மேட். ஆசுஸில் விவோபுக், எக்ஸ்பர்ட்புக். மூடியில் ஒட்டியிருக்கும் முத்திரை ஒன்றாக இருக்கலாம்; கீல் எதில் முடுக்கப்பட்டிருக்கிறது, ஸ்பேர் எத்தனை வருடம் கிடைக்கும், பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் எத்தனை வருடம் வரும், கெட்டால் யார் எங்கே வந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் சீரிஸுக்கு சீரிஸ் மாறும். அதனால்தான் ஒருவர் "பத்து வருஷம் உழைக்குது" என்கிறார், இன்னொருவர் அதே பிராண்டைப் பற்றி "ஒரு வருஷத்துல உடைஞ்சு போச்சு" என்கிறார். இருவர் கையிலும் இருப்பது வெவ்வேறு பொருள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பல பிராண்டுகளின் லேப்டாப்கள் குவான்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக் போன்ற தைவான் நிறுவனங்களின் தொழிற்சாலைகளில்தான் தயாராகின்றன. பேட்டரி, திரை, தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி ஆகியவையும் சில பொதுவான உற்பத்தியாளர்களிடமிருந்தே வருகின்றன. 2006-இல் சோனி தயாரித்த பேட்டரி செல்களில் குறை கண்டுபிடிக்கப்பட்டபோது டெல் 41 லட்சம், ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற அறிவித்தன, லெனோவாவும் தப்பவில்லை. அதற்கு முன்பு, 2000-களின் தொடக்கத்தில், மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு பாகங்களான கெபாசிட்டர்கள் தரமில்லாததால் உப்பி வெடித்து ஏராளமான மதர்போர்டுகள் செத்தன. அதில் டெல்லின் அலுவலக சீரிஸான ஆப்டிபிளெக்ஸும் சிக்கியது, ஆப்பிளின் ஐமேக் ஜி5-உம் சிக்கியது. எனவே அலுவலக சீரிஸ் என்றால் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாமே ஒரு நாள் கெடும். கெட்டால் எத்தனை நாளில் மேசைக்குத் திரும்பி வரும் என்பதில்தான் பெரிய வித்தியாசம். சில சமயம் மென்பொருளிலும் சீரிஸ் காப்பாற்றும். 2015-இல் லெனோவா வீட்டு லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை முன்கூட்டியே ஏற்றி அனுப்பியது அம்பலமானது. வங்கி வலைத்தளத்துக்கான பாதுகாப்பான இணைப்பைக்கூட அது நடுவில் புகுந்து படிக்கும்படி அமைந்திருந்தது. அதே நிறுவனத்தின் திங்க்பேட்களில் அது ஏற்றப்படவில்லை.

என் லேப்டாப்பில் முதல் அறிகுறி எட்டாவது மாதமே வந்தது. மூடியைத் திறக்கும்போது இடது மூலையில் "டக்" என்று ஒரு சத்தம். கவனிக்காமல் விட்டேன். விலை குறைந்த மாடல்களில் கீலின் திருகுகள் நேரடியாக உலோகச் சட்டத்தில் இறங்குவதில்லை. பிளாஸ்டிக் குமிழுக்குள் பதித்த சிறு பித்தளை உருளையில்தான் இறங்குகின்றன. நாளாக நாளாகக் கீல் இறுகும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பித்தளை உருளை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு மேலே வரும். திரையின் ஓரச்சட்டம் மூலையில் பிளந்து ஒரு நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் மூடியைத் திறந்து மூடுவதை உடனே நிறுத்துங்கள். கீலைச் சற்றுத் தளர்த்தி, பிய்ந்த குமிழை எபாக்சி வைத்து உட்கார வைப்பது சிறு செலவு. விட்டால் கீல் வழியாகப் போகிற திரை கேபிளும் வைஃபை ஆன்டெனா வயரும் நசுங்கி, மூடி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. வாங்கும்போது பார்க்க வேண்டியது எளிது. கடையில் வைத்திருக்கும் மாதிரியை ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து பாருங்கள். மூடி முறுக்கிக்கொண்டு வந்தால், கீழ்ப்பாகம் கூடவே எழும்பினால், கீல் பிளாஸ்டிக்கின் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கிறது. பிறகு வீட்டில் எப்போதும் மூடியின் நடுவில் பிடித்துத் திறக்கப் பழகுங்கள். ராணுவத் தரம் என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். மில்-எஸ்டிடி-810 என்பது சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்று நிறுவனமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது, எல்லாச் சோதனையிலும் தேறியது என்று அதற்குப் பொருள் இல்லை.

அடுத்து வந்தது பேட்டரி. பகல் முழுக்க சார்ஜரிலேயே செருகி வைத்து வேலை செய்தேன், தொழிலுக்குப் பயன்படுத்துகிற எல்லாரும் செய்வது இதுதான். 100 சதவீதத்திலேயே சூட்டோடு நிற்கிற லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும், சில உப்பும். டச்பேடு அழுத்த முடியாமல் இறுகினால், லேப்டாப் சமதளத்தில் வைத்தாலும் ஆடினால், அடிமூடி ஓரத்தில் விரிந்தால், உப்புகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றே நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தி உள்ளே தள்ளவோ கூடாது, தீப்பிடிக்கும். இதைத் தவிர்க்க ஒரு சின்ன அமைப்பு போதும்: சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துவது. லெனோவாவில் வான்டேஜ் செயலியில் கன்சர்வேஷன் மோடு என்று இருக்கும். டெல், எச்பி அலுவலக மாடல்களில் பயாஸிலேயே இருக்கும். ஆசுஸில் மைஆசுஸ் செயலியில் இருக்கும். முதல் நாளே போட்டுவிடுங்கள். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் powercfg /batteryreport என்று கொடுத்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். 50,000-க்கு 41,000 என்று இருந்தால் 18 சதவீதம் போயிருக்கிறது. வாரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது இந்த எண்களைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் லேப்டாப்புக்கு மூன்று வருட வாரண்டி எடுத்திருந்தாலும் பேட்டரிக்கு ஒரு வருடம்தான் என்பது பல பிராண்டுகளில் வழக்கம்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். பவர் பட்டனை அழுத்தினால் விளக்குகூட எரியவில்லை. அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது, பதறிப்போய் நேராக சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடுவதற்கு முன் வீட்டிலேயே பத்து நிமிடம் செலவழிக்கலாம். சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 முதல் 60 நொடி அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். போர்டில் தங்கிய மின்னூட்டம் வடிந்து உயிர் வருவது உண்டு. அதே வாட் உள்ள வேறு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். சார்ஜர் பின் செருகும் இடம் ஆடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த ஜாக் வயரோடு தனித் துண்டாக இருக்கும் மாடலில் அதை மட்டும் மாற்றினால் போதும். போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டியிருந்தால் சில இடங்களில் போர்டையே மாற்றச் சொல்வார்கள். டைப்-சி போர்ட் வழியாக மட்டும் சார்ஜ் ஆகும் மாடல்களில் இது இன்னும் முக்கியம். ஒரே ஒரு டைப்-சி போர்ட் இருந்து அதுவும் தேய்ந்தால் கதை முடிந்தது. இரண்டு பக்கமும் இருக்கும் மாடலாகப் பார்த்து எடுங்கள்.

சர்வீஸ் சென்டரில் முதல் மூன்று நாள் "பார்த்துச் சொல்கிறோம்", அடுத்த ஐந்து நாள் "எஸ்டிமேட் வரணும்", பிறகு "போர்டு ஸ்டாக் இல்லை". அவர்கள் மீது கோபம் வந்தது. ஆனால் நான் வாங்கிய வாரண்டித் தாளில் எழுதியிருந்ததை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தேன்: கொண்டுவந்து கொடுக்கும் வகை. அதாவது நாம் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்று எந்த வாக்குறுதியும் இல்லை. தொழிலுக்கு வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது ஆன்சைட், அதாவது ஆள் நம் இடத்துக்கே வந்து பார்ப்பது; அதிலும் மறு வேலைநாள் என்ற வகை. இதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். போனில் பழுதை உறுதி செய்த பிறகு மறு வேலைநாள் ஆள் வருவார் என்பதுதான் அதன் பொருள்; போன் செய்த மறுநாளே சரியாகிவிடும் என்பதில்லை. உதிரிபாகம் அந்தச் சுற்றுவட்டத்தில் கையிருப்பு இருந்தால்தான் அது நடக்கும். அதனால் வாங்குவதற்கு முன் அந்த பிராண்டின் உதவி எண்ணை அழைத்து, உங்கள் முகவரிக்கு ஆன்சைட் உண்டா, யார் வருகிறார்கள், போர்டு வர எத்தனை நாள் என்று கேட்டுவிடுங்கள். போனை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே ஒரு பதில். நீட்டிப்பு வாரண்டியை முதல் வாரண்டி உயிரோடு இருக்கும்போதே வாங்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் விதி; 13-வது மாதம் கேட்டால் கிடைக்காது. தண்ணீர் கொட்டுவது, கீழே விழுவது ஆகியவை சாதாரண வாரண்டியில் வராது, அதற்கு விபத்துப் பாதுகாப்பு என்று தனியாக உண்டு. பிள்ளைகள் தொடுகிற வீட்டில் அதை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. கடைக்காரர் தன் பெயரில் விற்கும் நீட்டிப்பு வேறு, நிறுவனமே தருவது வேறு. சீரியல் எண்ணை நிறுவனத்தின் வலைத்தளத்தில் போட்டால் நிறுவனம் தருவது மட்டும்தான் அங்கே தெரியும். அங்கே வாரண்டி தொடங்கிய தேதி உங்கள் பில் தேதிக்கு முந்தியதாக இருந்தால், பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் கேட்டால் எளிதில் முடியும் வேலை.

23-வது நாள் போர்டு மாற்றி லேப்டாப் வந்தது. ஆன் ஆனது, நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதைத்தான் எல்லாரிடமும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதில் பிராண்டு வித்தியாசமே இல்லை. விண்டோஸ் 11 லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து செட்அப் செய்யும்போது, டிவைஸ் என்க்ரிப்ஷன் பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகிவிடும். ஹோம் பதிப்பிலும் இப்படித்தான். டிஸ்க்கில் உள்ள எல்லாம் பூட்டப்பட்டு, அந்தப் பூட்டின் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். லேப்டாப்பில் டிபிஎம் போர்டோடு சேர்ந்தது. போர்டு மாறினால் டிபிஎம் மாறும், உடனே டிஸ்க் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதே கேள்விதான். அந்தச் சாவி செட்அப் செய்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். என் லேப்டாப்பைக் கடையில் செட்அப் செய்துகொடுத்தவர் அவசரத்துக்கு ஏதோ ஒரு கணக்கை உருவாக்கிப் போட்டிருந்தார். அதன் பாஸ்வேர்டு அவருக்கே நினைவில்லை. சாவி போனது, டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் இரண்டு மாதக் கணக்கு போனது. சர்வீஸ் சென்டரைக் குறை சொல்லவும் வழியில்லை. தரவுக்கு எந்த வாரண்டியும் பொறுப்பேற்பதில்லை.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது: செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் வலைத்தளம் வழியாக நுழைந்து, டிவைசஸ் பகுதியில் அந்த லேப்டாப்புக்கான ரெக்கவரி கீயைத் திறந்து, தாளில் அச்சிட்டு பில்லோடு வையுங்கள். அந்த லேப்டாப்புக்குள்ளேயே சேமித்தால் பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதைதான். என்க்ரிப்ஷனை அணைத்துவிடச் சொல்ல மாட்டேன். லேப்டாப் திருடு போனால் வாடிக்கையாளர் விவரங்களைக் காப்பது அதுதான். புதுக் கம்ப்யூட்டரை எப்போதும் உங்கள் கணக்கில், உங்கள் கையால், வீட்டில் வைத்து செட்அப் செய்யுங்கள். அரை மணி நேர வேலை.

இரண்டாவது முறை வாங்கப் போனபோது எனக்குக் கைகொடுத்த சோதனை ஒன்று உண்டு. பிடித்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பாருங்கள். லெனோவா அதை ஹார்ட்வேர் மெயின்டனன்ஸ் மேனுவல் என்ற பெயரில் வெளியிடுகிறது, எச்பி மெயின்டனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடு என்ற பெயரில். டெல்லும் தன் தளத்திலேயே பழுதுபார்ப்பு வழிகாட்டியை வைக்கிறது. பேட்டரியைக் கழற்ற எத்தனை படி, கீபோர்டை மாற்ற போர்டையே வெளியே எடுக்க வேண்டுமா, ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண் இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கீபோர்டு மேல்பாகத்தோடு ரிவெட் செய்யப்பட்டிருந்தால், ஒரு விசை போனாலும் மேல்பாகம் முழுவதையும் வாங்க வேண்டிவரும். அடுத்தது, அதே சீரிஸில் நான்கு வருடத்துக்கு முன் வந்த மாடலின் டிரைவர் பக்கத்தைத் திறந்து, கடைசி பயாஸ் அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். கடந்த ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் நிறுவனம் அந்த சீரிஸைக் கைவிடவில்லை. பயாஸ் அப்டேட் அலங்காரம் அல்ல. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் அதிக மின்னழுத்தத்தால் நிரந்தரமாகப் பழுதடைவது தெரியவந்து, இன்டெல் அவற்றின் வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. மேலும் பழுதாகாமல் தடுக்கும் திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வந்தது. பிராண்டே சந்தையை விட்டுப் போவதும் உண்டு. சோனி தன் வயோ பிரிவை 2014-இல் விற்றது. தோஷிபா 2018-இல் பெரும்பங்கை ஷார்ப்புக்கு விற்று 2020-இல் முழுவதும் வெளியேறியது.

விவரத் தாளில் ஏமாறும் இடங்கள் சில. ரேம் "ஆன்போர்டு" என்றோ எல்பிடிடிஆர் என்றோ எழுதியிருந்தால் அநேகமாக சால்டர் செய்தது, பிறகு கூட்ட முடியாது. அப்படியென்றால் ஆரம்பத்திலேயே 16 ஜிபி எடுங்கள். ஸ்லாட் இருந்தால், இருக்கும் ஒரே துண்டுக்கு இணையாக இன்னொன்று போட்டு இரட்டைச் சேனல் ஆக்குங்கள். பிராசசரோடு சேர்ந்த கிராஃபிக்ஸ் அந்த ரேமையே பகிர்வதால் வேகம் கண்ணுக்குத் தெரியும். ஆப்பிள் மேக்புக்கில் ரேமை வாங்கும் அன்று முடிவு செய்தால் முடிவு செய்ததுதான். போர்டு செத்தால் உள்ளிருக்கும் தரவை வெளியே எடுப்பதும் மிகக் கடினம், அதனால் மேக்கிலேயே இருக்கும் டைம் மெஷின் பேக்கப் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். பிராசசர் எண்ணையும் கூர்ந்து பாருங்கள். ஏஎம்டி ரைசன் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு: 7520யூ என்றால் ஜென் 2, 7530யூ என்றால் ஜென் 3, 7540யூ என்றால் ஜென் 4. ஜென் 2 என்பது 2019-இல் அறிமுகமானது. முதல் எண்ணைப் பார்த்துப் புதியது என்று பணம் கொடுத்துவிடுவோம். திரையில் 250 நிட்ஸ் (வெளிச்ச அளவு), 45 சதவீதம் என்டிஎஸ்சி (நிற அளவு) என்று கண்டால் வெளிச்சமான அறையில் கண் வலிக்கும். 300 நிட்ஸுக்கு மேல், முடிந்தால் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற அளவுதான்) பாருங்கள். ஒரே மாடல் பெயரில் திரையும் பேட்டரியும் மாறி மாறி வரும் என்பதால், பெயரோடு அதன் முழு உற்பத்தி எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

மேசையை விட்டு நகராத வேலைக்கு லேப்டாப்பே வேண்டாம் என்பது இப்போது என் உறுதியான எண்ணம். கீல் இல்லை, பேட்டரி இல்லை, இரண்டு பெரிய பழுதுகள் அங்கேயே போய்விடும். ஆனால் பிராண்டட் டெஸ்க்டாப்பிலும் ஒரு கண்ணி உண்டு. ஆப்டிபிளெக்ஸ், எச்பி அலுவலக டெஸ்க்டாப்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வழக்கமான 24 பின் வகையில் இல்லை. அளவும் இணைப்பும் அவர்களுடையது. அது போனால் அவசரத்துக்கு எதையாவது மாட்ட முடியாது, அதே எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் தேட வேண்டும். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் இந்தச் சிக்கல் இல்லை, ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி, எங்கும் கிடைக்கும். பதிலுக்கு எந்தப் பாகம் கெட்டது என்று நாமே கண்டுபிடித்து அதற்குரிய நிறுவனத்திடம் ஓட வேண்டும். ஓடத் தெரிந்தவருக்கு அசெம்பிள், ஓட நேரமில்லாதவருக்கு ஆன்சைட் வாரண்டியோடு பிராண்டட். எதுவாக இருந்தாலும் லைன் இன்டராக்டிவ் (மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும் சீர்செய்யும்) யுபிஎஸ் ஒன்று வையுங்கள். சாதாரண அலுவலக டெஸ்க்டாப்புக்கு 600 விஏ போதும். அதன் பேட்டரியை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிட்டு, கரண்ட் போன நொடியில் எல்லாம் அணைந்த பிறகு திட்டுவதில் பயனில்லை.

நிறுவனங்களில் குத்தகை முடிந்து வரும் பழைய திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வாங்குவதும் நல்ல வழி. புதிய வீட்டு சீரிஸின் விலையைவிடக் குறைவில் உறுதியான உடம்பு கிடைக்கும். மூன்றைச் சரிபாருங்கள். பயாஸுக்குள் பாஸ்வேர்டு கேட்காமல் நுழைய முடிகிறதா. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்ட திங்க்பேடில் போர்டு பேட்டரியைக் கழற்றினாலும் அது போகாது. விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தில் இணைத்தால் ஏதாவது நிறுவனத்தின் லாகின் கேட்கிறதா. கேட்டால் அந்த இயந்திரம் இன்னும் பழைய முதலாளியின் பிடியில் இருக்கிறது. பிராசசர் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழா. விண்டோஸ் 11 அதற்குக் கீழே முறையாக ஏறாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கக் கூடிய நாட்கள் முடிவதற்குள் கசக்கிப் பார்த்துவிட வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-இன் இலவசப் பதிப்பை ஒரு இரவு ஓட விட்டு நான்கு சுற்றும் முடிக்க வையுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் மோசம். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பவர் ஆன் அவர்ஸ் (ஓடிய மணிநேரம்) பாருங்கள், புதுக் கம்ப்யூட்டரில் அது நூற்றுக்கணக்கில் இருந்தால் அது புதிது இல்லை. எல்லா போர்ட்டிலும் பென்டிரைவ் போட்டு ஒரு பெரிய ஃபைலை நகலெடுங்கள். வெள்ளை, கறுப்புத் திரை வைத்துப் புள்ளி தேடுங்கள். ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பு பேசுங்கள். மைக், கேமரா, வைஃபை, சூடு, ஃபேன் சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும்.

நான் இப்போது தொழிலுக்கு ஒரே மாடலில் இரண்டு சின்ன டெஸ்க்டாப்களை ஆன்சைட் வாரண்டியோடு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒரு சாதாரண லேப்டாப் தனியாக இருக்கிறது, அதில் கணக்கு எதுவும் ஏறாது. தினமும் மாலை கணக்கு ஃபைல் இரண்டு இடத்துக்குப் போகிறது: ஒன்று வெளி டிஸ்க், ஒன்று கிளவுட். வெளி டிஸ்க்கை நகல் முடிந்ததும் கழற்றிவிடுகிறேன், செருகியே இருந்தால் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீய மென்பொருள்) அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை பேக்கப்பை மற்ற டெஸ்க்டாப்பில் திறந்து, கடைசி பில் எண் சரியாக வருகிறதா என்று பார்க்கிறேன். பில், சீரியல் எண், 48 இலக்கச் சாவி மூன்றும் ஒரே உறையில் அலமாரியில் இருக்கின்றன. போன மாதம் ஒரு டெஸ்க்டாப்பின் போர்டு போனது. மற்றதில் கணக்கைத் திறந்து அன்றைய பில்களை அன்றே போட்டேன். மூன்றாம் நாள் ஆள் வந்து போர்டை மாற்றினார், உறையைத் திறந்து சாவியைப் பார்த்துத் தட்டினேன், திறந்துகொண்டது.